நீலக்கோடு போட்ட பஸ்

படிக்கத் தெரிவது வேறு, படித்துப் பார்ப்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்கு விளங்க ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசல்வரை போகவேண்டியிருந்தது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன்.) ஆனாலும் பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சாயங்கால வாசிப்பு வகுப்புக்கு டீச்சர் நான்தான். பத்தாவது படித்த பெண்களெல்லாம் புதிதாக வந்த கம்பெனிகளுக்கு ஷிப்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்தி. சோப்பு உறை, சுவரொட்டி, கடைப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிள்ளைகளை உரக்கப் படிக்கவைப்பேன். "எழுத்தப் பாத்தா வாய் சும்மா இருக்கக் கூடாது" என்பது என் சட்டம்.

ஒருநாள் இந்த வகுப்புகளை நடத்தும் ஸ்ரீபெரும்புதூர் ஆபீசிலிருந்து மேடம் சொல்லியனுப்பினார். மதியம் பிள்ளைகளை அழைத்துவர வேண்டும். படித்துக் காட்டினால் வகுப்பு தொடரும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். மூட விட்டுவிடுவேனா? ஜோதி என்ற சிறுமி என்னிடம் வந்தபிறகுதான் தன் பெயரையே படித்தாள்.

எங்கள் ஊரில் யாரும் பஸ் போர்டைப் பார்ப்பதில்லை, நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவோம். மதியத்தில் ஸ்ரீபெரும்புதூருக்குக் காலியாகத் திரும்பும் நீலக்கோடு கம்பெனி பஸ்ஸில் டிரைவர் தனசேகர் ஊர்க்காரர்களைச் சும்மா ஏற்றிக்கொள்வான். அன்றும் நீலக்கோடு வந்தது. பின்பக்க வழியாகப் பிள்ளைகளை ஏற்றினேன்.

"டீச்சர், போர்டுல ஒரகடம்னு போட்டுகீது" என்றாள் ஜோதி.

"வாய மூடிக்கினு ஏறுடி. இந்த பஸ்ஸ நான் தினிக்கும் பாக்கறேன்."

உள்ளே முழுக்கத் தெற்கத்திப் பையன்கள். (காலியாக வரவேண்டிய பஸ். அப்போதாவது உறைத்ததா? இல்லை.)

"என்ன ஆச்சி, நீங்களும் செகண்ட் ஷிப்டா?" என்றான் ஒருவன்.

"நான் டீச்சர்" என்றேன் நிமிர்ந்து. உடனே எழுந்து இடம் கொடுத்தான். அந்தப் பெருமையில் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

பஸ் நின்றது. பெரிய இரும்புக் கேட்டு. செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பால்வாடியே வந்துகீது? பாஸ் கீதா?"

தனசேகர் திரும்பிப் பார்த்துத் தலையில் கைவைத்தான். "ஐயோ பெரீம்மா! இன்னிக்கு வண்டிய இந்த ரூட்ல வுட்டுட்டாங்க. போர்டு பாக்கலியா?"

"நான் படிச்சேண்ணா. டீச்சர்தான் வாய மூடச் சொன்னாங்க" என்றாள் ஜோதி.

முதல் ஷிப்டு வெளியே வந்தால்தான் வண்டி திரும்பும். அதற்குள் மேடம் கிளம்பிவிடுவார். வகுப்பு போச்சு என்று செக்யூரிட்டி அறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷருக்கு மனசு கேட்கவில்லை. மேடத்தின் ஆபீசுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"மேடம், ஒரு சின்ன தப்பு ஆயிப்போச்சி..." என்று நான் இழுக்க, பின்னால் பிள்ளைகள் என் சட்டப்படி நடக்க ஆரம்பித்தார்கள். "தலைக்கவசம் அணியவும்!" "புகை பிடிக்காதீர்!" "அடையாள அட்டையைக் காட்டவும்!"

"அது என்னம்மா சத்தம்?"

"பசங்க மேடம். கேட்டுல கீற போர்டப் படிக்குதுங்க."

"முன்னாடியே சொல்லிக்கொடுத்ததா?"

"இல்லீங்க. நானே இப்பத்தான் பாக்கறேன்."

போனில் சிரிப்புச் சத்தம். "சரி, ஒவ்வொருத்தரா போன்ல படிக்கச் சொல்லுங்க."

செக்யூரிட்டி தன் டிபனைக் கட்டியிருந்த செய்தித்தாளைப் பிரித்துக் கொடுத்தார். எண்ணெய் ஊறிய இடத்தைக்கூட விடாமல் ஜோதி படித்தாள். "ஒரு எழுத்து வுடலம்மா!" என்று அவரே போனுக்குள் கத்தினார்.

வகுப்பை மூடவில்லை. வீட்டில் என்னவர் மட்டும், "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி" என்று ஆரம்பித்தவர் இன்றுவரை நிறுத்தவில்லை.

ஜோதி இப்போது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுடைய பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும்போது நான் கண்ணில் பட்டால் போதும், ஜன்னலில் தலையை நீட்டி ஊருக்கே கேட்கும்படி கத்துவாள்: "டீச்சர், இது ஒரகடம்! ஏறிடாதீங்க!"

பஸ்ஸே சிரிக்கும். வாயை மூடு என்று சொல்லலாம்தான். ஒருதரம் சொல்லித்தானே அந்தக் கேட்டுவரை போனேன்.