நிதானத்தின் ஓட்ஸும் என் எட்டு மணி இட்லியும்

கோயமுத்தூர் ஜில்லாவில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. சிலிண்டரைப் படியிலேயே உருட்டிவிட்டுப் போகிறவர், காந்திபுரத்தில் கையைக் காட்டினாலும் நிறுத்தாத பஸ்காரர், என் நாத்தனார். ஆனால் இருபத்திரண்டு நாள் விடாமல், காலை எட்டு மணிக்கு, கையில் கரண்டியும் முகத்தில் சிரிப்புமாக வந்து நின்று என் வயிற்றில் அடித்த மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் நிதானம் அண்ணன். எதைச் சொன்னாலும் "நிதானமுங்க, நிதானம்" என்பார். மொபெட்டில் அவிநாசி ரோட்டில் வருவார். ஒருமுறை ஒரு சவ ஊர்வலம் தாரை தப்பட்டையோடு அவரை முந்திக்கொண்டு போனதை நானே பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஓரமாக ஒதுங்கி மரியாதையாக வழியும் விட்டார். கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை நடந்தபோது மணி அடித்ததும் எல்லோரும் குடல் தெறிக்க ஓடி வாசலுக்கு வந்துவிட்டோம். அண்ணன் கால் மணி நேரம் கழித்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு வந்தார். சேஃப்டி ஆபீசர் கத்தினார். "ஒத்திகைதானுங்களே? நெசமாலுமே தீப்புடிச்சா சித்தெ வெசையா வாரேனுங்க" என்றார் இவர்.

இப்படிப்பட்ட ஆளை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? "மின்னல் வேகத்தில் மாவு" என்று விளம்பரம் செய்கிற வெட் கிரைண்டர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில். கணபதி பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில், கிரைண்டரோடு வருகிற கையேட்டை எழுதுவது என் வேலை. யாரும் படிக்காத புத்தகத்தை வருஷக்கணக்காக எழுதியவள் என்ற பெருமை எனக்கு உண்டு.

அந்தக் கம்பெனியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கிரைண்டரைச் சும்மா ஓட்டிப் பார்த்தால் ஆகாது. நிஜ அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை மாவு இன்றைக்குப் பொங்கி, நாளைக்கு எங்கள் கேன்டீனில் இட்லியாகும். கேன்டீன் சரசக்கா கையால் காலை எட்டு மணிக்கு நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி, தட்டு ஓரத்தில் கொஞ்சம் பருப்புப் பொடி.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் நாலரைக்கு எழுகிறவள். வீட்டுக்காரருக்குச் சாப்பாடு, பையனுக்கும் பொண்ணுக்கும் டிபன் பாக்ஸ், மாமனாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, அப்புறம் சர்க்கரை இருக்கிறதா என்று அவர் கேட்கிற கேள்விக்குப் பதில். எல்லாம் முடித்து, நின்றபடியே ஒரு வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடி வந்தால், இந்த உலகத்தில் நான் உட்கார, இன்னொருத்தர் சமைத்து, என் முன்னால் தட்டு வைக்கிற ஒரே வேளை அந்த எட்டு மணிதான். அதில் கை வைத்தார் அந்த மனிதர்.

மூன்று வருஷமாகச் சோதனைக்கூடத்து மூலையில் ஒரு பீங்கான் பானையையும் ஒரு ஹீட்டர் காயிலையும் வைத்துக்கொண்டு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அதற்குக் கண்ணாடி மூடி முளைத்தது. மெதுவாகச் சமைக்கிற குக்கராம். சாயங்காலம் ஓட்ஸும் தண்ணீரும் பழமும் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், காலையில் தானாக வெந்து சூடாகக் காத்திருக்குமாம். கிளறவும் வேண்டாம், விசில் எண்ணவும் வேண்டாம். மொதலாளி நல்ல மனுஷர். யார் மனதையும் நோகடிக்க மாட்டார். "ஒரு மாசம் நம்ம ஆளுங்க சாப்பிட்டுப் பாக்கட்டும். மாசக் கடைசீல டீலர் மீட்டிங். அவங்க வேணும்னா குக்கர் போடுவோம். வேண்டாம்னா மூட்டை கட்டி வெச்சுப்போட்டு நீங்க பழையபடி கிரைண்டரப் பாருங்க" என்றார். அந்த ஒரு மாதமும் சோதனை மாவு எங்கே போயிற்று? மொதலாளியின் சம்பந்தி நடத்துகிற மெஸ்ஸுக்கு! என் இட்லியை எவனோ காசு கொடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

முதல் நாள், நாற்பது பேருக்காக அதே மாதிரிப் பத்துப் பானைகளை வரிசையாக வைத்து மூடியைத் திறந்தார். வாழைப்பழமும் பேரீச்சையும் போட்ட ஓட்ஸ். சுவரொட்டி ஒட்டுகிற பசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் வாசனை இருக்காது, இதில் ஏலக்காய் வாசனை இருந்தது. வாழைப்பழம் ராத்திரி முழுக்க வெந்து சாம்பல் நிறமாகியிருந்தது. கரண்டியைக் கவிழ்த்தால் விழவில்லை. நிதானம் அண்ணன் கரண்டியைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "நிதானமா உளுமுங்க" என்றார்.

பக்கத்திலேயே ஒரு நோட்டு. பெயர், தேதி, எப்படி இருந்தது. மொத்தம் நாற்பது பேர் எழுத வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களின் கெட்ட வியாதியைச் சொல்ல வேண்டும். கிரைண்டரில் ஒரு சின்னச் சத்தம் வந்தால் போதும், போன் போட்டு அரை மணி நேரம் வறுத்தெடுப்பார்கள். ஆனால் சமைத்தவர் எதிரில் நின்று "எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டால், விஷத்தையே வைத்திருந்தாலும் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாவார்கள். நாற்பது பேரும் அதையேதான் எழுதினார்கள். ஒருத்தர் "ரொம்ப" சேர்த்திருந்தார்; அவர் ஊர் கருமத்தம்பட்டி, அண்ணனும் அதே ஊர்.

நான் எழுதமாட்டேன் என்றுதான் போனேன். சாமி சத்தியமாக. பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அதற்குள் இவர் கரண்டியோடு பக்கத்தில் வந்து குனிந்து, "பசியாறீட்டீங்ளா அம்மணி? இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்றார். நெற்றியில் வியர்வை. சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர். "நல்லா இருக்குதுங்க" என்று எழுதினேன். எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல வந்தது. அதற்குள் இன்னொரு கரண்டி விழுந்திருந்தது.

அப்புறம் தினம் ஒரு பழம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிப் பேரிக்காய் வந்தது. வெந்ததும் எங்கே போனது என்றே தெரியவில்லை. பலாப்பழம் போட்ட நாளில் சோதனைக்கூடத்தைத் தாண்டிப் பெயிண்ட் அடிக்கிற இடம் வரைக்கும் வாசனை போய், அங்கே இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்னாசிப்பழமும் பாலும் சேர்த்துப் போட்ட நாளைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. பால் திரிந்து, வாயெல்லாம் கசந்து, நாற்பது பேரும் கண்ணில் தண்ணீர் வர விழுங்கினார்கள். நோட்டைப் பார்த்தேன். நாற்பது "நல்லா இருக்குதுங்க".

சரசக்காவிடம் போய்க் குமுறினேன். "அக்கா, நாளைக்கு நீங்களும் நானும் உண்மைய எழுதிப்போடலாம். என்னதான் ஆயிரும்?"

"எழுதிப்போடலாங் கண்ணு! எனக்கென்ன பயமா?" என்று அவர் சேலையை இழுத்துச் செருகினார்.

மறுநாள் நோட்டில் அவர் எழுதியிருந்தது: "நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்லீங்க. நல்லா இருக்குதுங்க." வெட்கங்கெட்ட மனுஷி! அதற்குக் கீழே என் கையெழுத்தில் இருந்ததை நான் சொல்லப்போவதில்லை.

இருபத்திரண்டாம் நாள், நான் கையேடு எழுதுகிற மேஜைக்கு நிதானம் அண்ணனே வந்தார். நோட்டைக் கையில் வைத்திருந்தார். உட்காரவில்லை.

"அம்மணி, ஊட்ல தூக்கமே வாரதில்லீங்க."

"ஏனுங்கண்ணா?"

"நாப்பது பேரு, இருவத்திரண்டு நாளு. ஒரு குத்தங்கூட இல்லீங்க. அந்த அன்னாசிப்பழத்தை நானே திங்க முடியாம கீழ கொட்டிப்போட்டனுங்க. அதுக்கும் நல்லா இருக்குதுன்னு எழுதிருக்கறாங்க. இதை வெச்சு நான் என்னத்தைங்க சரி பண்றது? இன்னும் எட்டு நாள்ல டீலருங்க வந்துருவாங்க." நோட்டை விரித்து என் முன்னால் நீட்டினார். "நீங்கதானுங்க இங்க கோவக்காரி. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. ஒரே ஒரு குத்தம் சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. "ஒண்ணா? ஒண்ணு போதுங்களா? கொழகொழன்னு பசை மாதிரி இருக்குது, வாய்ல போட்டா மெல்ல ஒண்ணுமே இல்ல. பல்லு எதுக்குங்க இருக்குது எனக்கு? பழத்தையெல்லாம் அவிச்சுக் கொன்னுபோட்டீங்க. பாலை எவராவது ராத்திரி முழுக்கக் கொதிக்க வெப்பாங்களா? உப்புன்னு ஒரு சாமான் இருக்குதே, கேள்விப்பட்டிருக்கீங்களா? இனிப்புக்கு ஒரு அளவு வேண்டாமா? எம்பட இட்லியப் புடுங்கிக்கிட்டு இதை வெச்சீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம் இருக்குதுங்களா?" மூச்சு வாங்க நிறுத்தினபோது ஆபீஸே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நிதானம் அண்ணன் ஒவ்வொன்றையும் நோட்டின் பின்பக்கத்தில் நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நெஞ்சுல ஈரம், அதையும் எழுதிக்கட்டுங்களா?" என்றார்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "இந்தக் கெரகத்தை ஏனுங்கண்ணா கட்டிக்கிட்டு அழறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரி மில்லுல முப்பது வருசம் காலை ஷிப்டுங்க. விடியறதுக்கு முந்தி அடுப்புல நின்னு எங்களுக்கெல்லாம் ஆக்கி வெச்சுப்போட்டு, டம்ளர்ல காப்பியோட பஸ்சுக்கு ஓடுவா. ஒரு நாளு அவ உக்காந்து பசியாறி நான் பாத்ததில்லீங்க. ஆக்கி முடிச்ச சோறு அவளுக்கு முன்னாடி எந்திரிச்சு உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நெனப்புங்க."

"இப்ப அக்கா சாப்பிடறாங்களா?"

"அவளுக்கு ஓட்ஸே புடிக்காதுங்க. பழைய சோறுதான்" என்றார்.

இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்! ஆனால் மறுநாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. அவல் மாதிரித் தட்டின ஓட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடைத்த ஓட்ஸ் வாங்கினார். பானைக்குள் நெய் தடவினார். ஒன்றுக்கு நாலு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பேரீச்சை, உலர்ந்த அத்திப்பழம். இவ்வளவுதான் சாயங்காலம் உள்ளே போகும். பால் காலையில். மாம்பழத் துண்டும் மாதுளையும் கிண்ணத்தில் போட்ட பிறகு மேலே. அதற்கும் மேலே வறுத்த தேங்காய்ச் சீவல், எனக்குப் பல் இருக்கிறது என்பதற்காக. இருபத்தைந்தாம் நாள் நானே கிண்ணத்தை நீட்டி இன்னொரு கரண்டி கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். சரசக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

டீலர்கள் வந்தார்கள். ஈரோட்டிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் பெரிய கார்களில் வந்து, வழித்து வழித்துச் சாப்பிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றார்கள். எத்தனை குக்கர் அனுப்பட்டும் என்று மொதலாளி கேட்டார். "பாத்துச் சொல்றேனுங்க" என்றார்கள் எல்லோரும். எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நிதானம் அண்ணன் பானைகளைக் கழுவி, துடைத்து, துணியால் சுற்றி அட்டைப் பெட்டிகளுக்குள் வைத்தார். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் வேகமாகச் செய்தார்.

மறுநாள் எட்டு மணிக்கு நாலு இட்லி வந்தது. சட்னியும் பொடியும் வந்தன. ஒரு மாதம் நான் ஏங்கிக் கிடந்த இட்லி. இரண்டாவது இட்லிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. கோபம் தலைக்கேறி நேராக மொதலாளி அறைக்குள் போய்விட்டேன்.

"குக்கர எதுக்குங்க நிறுத்தினீங்க? நல்லா இருந்துதுங்களே!"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பாவமாகப் பார்த்தார். "எல்லாரும் அதைத்தானுங்க அம்மணி சொல்றாங்க" என்றார்.

இருபத்திரண்டு நாள் பொய்யாக எழுதின அதே வார்த்தை. இன்றைக்கு நிஜமாகச் சொன்னால் செல்லாக்காசு. வேறு எப்படிச் சொல்வது? அப்புறம்தான் புத்தி வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரிங்க, குத்தமே சொல்றேன். மூடி கனம், ஒத்தைக் கைல தூக்க முடியல. நாலு பேருக்கு மேல பத்தாது, எங்கூட்ல அஞ்சாவதா நான் இருக்கறேன், எனக்கு மிஞ்சாது. சூடு தாங்கற பிடி வேணும். உடைச்ச ஓட்ஸ்தான் போடோணும்னு கையேட்டுல முதல் பக்கத்துல எழுதோணும், அதை நானே எழுதிப்போடறேன். இதையெல்லாம் சரி பண்ணிக் குடுத்தா எனக்கு ஒண்ணு இப்பவே வேணும்."

மொதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். "மூடி கனமுன்னு சொன்னீங்களே, அதைச் சித்தெ விவரமாச் சொல்லுங்க" என்றார்.

குக்கர் ஓகோவென்று விற்றது என்று பொய் சொல்லமாட்டேன். கொஞ்சம் விற்றது, இப்போதும் கொஞ்சம் விற்கிறது. நிதானம் அண்ணன் ஓய்வு பெற்றுக் கருமத்தம்பட்டியில் இருக்கிறார். என் வீட்டில் விடியும்போது ஐந்து பேருக்கான பானை எனக்கு முன்னாலேயே எழுந்து தயாராக இருக்கிறது. நான் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, முதல் ஆளாக, நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிச் சாப்பிடுகிறேன். மாமனார் காபி கேட்டால், "சித்தெ இருங்க மாமா" என்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணனுக்கு ஒரு போன். "சொல்லுங்க அம்மணி, இன்னிக்கு என்ன குத்தம்?" என்பார் ஆசையாக. குறையே இல்லாத நாட்களிலும் பானையின் அடியைச் சுரண்டியாவது ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டுதான் நம்பரை அழுத்துகிறேன். வெறுங்கையோடு எப்படி அவரிடம் போவது?