ஏழாக வெட்டிய தேங்காய் பன்

1. கடை கடையாக நடந்து தின்னும் சாப்பாட்டு நடைக்கு வாட்ஸாப்பில் ஏழு பேர் பெயர் கொடுத்தோம்.
2. ஞாயிறு காலை ரயில் நிலைய வாசலுக்கு நான் ஒருத்திதான் போனேன்.
3. வழிகாட்டி ஏழு பெயரையும் உரக்க வாசித்து ஆஜர் எடுத்தார். கடைசியாகத் தன்னையே 'நானு' என்று கூப்பிட்டு, 'வந்திருக்கேனுங்க' என்று தானே பதிலும் சொன்னார்.
4. ஒரு தேங்காய் பன் வாங்கி, அதை ஏழாக வெட்டினார்.

கூட்டமே இல்லாமல் கூட்டம் நடத்துவதில் எங்கள் வழிகாட்டி சாம்பிள் அக்காவை மிஞ்ச திருப்பூரில் ஆள் கிடையாது. எங்கள் பனியன் கம்பெனியில், துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பும் மாதிரி உடைகளைத் தைப்பவர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்குத்தான் தெரியும். பன்னை வெட்டியதுகூட நூல் பிசிறு நறுக்கும் குட்டிக் கத்தரியால்தான்.

"பயப்படாத கண்ணு, இது திங்கறதுக்குன்னே தனிக் கத்திரி."

"அது சரிக்கா, நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?"

"ஆர்டர் ஏழு. ஏழுக்குத்தான் கட்டிங் போடோணும்."

ஆளுக்கு ஒரு துண்டு தின்றோம். மீதி ஐந்தும் மூடி போட்ட எவர்சில்வர் போசிக்குள் போயின.

"ஏனுங்க, எல்லாரும் இப்பிடி ஓரமா வாங்க!" என்றார். எல்லாருமாகிய நான் ஓரமாகப் போனேன். "தெக்கத்திக்காரங்க இந்த டேசன்ல எறங்குனாங்க, பரோட்டாக் கல்லு வந்துச்சு. வடக்கேயிருந்து எறங்குனாங்க, கோதுமை உருண்டை லிட்டி சுடற அடுப்பு வந்துச்சு. யாரு பசியோட எறங்குனாங்களோ, அவங்கதானுங்க இந்த ஊரு."

இந்தக் குரலைக் கேட்டு, அப்போதுதான் ரயிலில் இருந்து இறங்கிய வடநாட்டுக்காரர் ஒருவர், வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து எங்கள் பின்னாலேயே வந்தார். மூன்று கடை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "காம், தீதி?" என்று அக்காவிடம் வேலை கேட்டார்.

"காம் நாளைக்கு. மொதல்ல இதைத் தின்னு."

அன்று மட்டும் போசியில் துண்டுகள் குறைந்தன.

எனக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். துணி சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்க்கும் லேபில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் காலியாகிவிடும். ஒரு நாள் லீவில் நான் ஊருக்குப் போய்வர முடியாது. ஞாயிறு மெஸ்ஸில் என் தட்டில் டம்ளர் இடிக்கும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கும். அதனால் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும்.

மற்ற ஐந்து பேர் ஏன் வருவதில்லை என்பதை நான் ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தேன். கம்பெனியில் அக்கா போசியைத் திறந்து, வராதவர்களின் மேஜை மேஜையாக அவரவர் பங்கைச் சரித்திரத்தோடு கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்த எடத்துலயே கிடைச்சா யாருக்கா நடந்து வருவாங்க?"

"அதுக்குன்னு பேரு குடுத்தவங்கள பட்டினி போடச் சொல்றியா?"

இதில் அக்காவுக்கு ஓர் ஆபத்து இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய மகன், தனியாகக் கிடக்காமல் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரித்ததில், இவர் வாக்குக் கொடுத்திருந்தார்: "எந்த ஞாயித்துக்கிழமை ஒரு ஆளும் வரலியோ, அன்னிக்கே உன்ற ஊட்டுக்கு வந்தர்றேன் சாமி." மகன் ஞாயிறு தவறாமல் போன் செய்து விசாரிப்பார். இடையில் நின்ற ஒரே ஆள் நான்.

அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தது. வர முடியாது என்று தகவல் அனுப்பிவிட்டுப் படுத்திருந்தேன். மதியம் ஹாஸ்டல் கேட்டில் சத்தம்.

"விசிட்டரெல்லாம் உள்ள விடமாட்டமுங்க" என்றார் வார்டன்.

"நான் எங்கீங்க உள்ள வர்றேன்? அந்தப் புள்ளைய கேட்டுப் பக்கமா உக்கார வைங்க, போதும்."

போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்பிக்கு வெளியே அக்கா ஆஜர் எடுத்தார். "இப்ப நாம பேக்கரி முன்னால நிக்கறோம்" என்று கம்பி வழியாக ஒரு துண்டு பன் நீட்டினார். பிறகு, "அடுத்தது பரோட்டாக் கடை. நகந்து வா கண்ணு" என்றார்.

"எங்கக்கா நகர?"

"நாற்காலியத் தள்ளிப் போட்டு வா. நடக்காம திங்கறது வாக் ஆகுமா?"

கடைக்கு ஓர் அடியாக நாற்காலியை இழுத்துக்கொண்டு கேட்டின் மறு ஓரம் வரை போனேன். வழியில் வார்டனுக்கும் ஒரு துண்டு பரோட்டா போனது. "சால்னா கொஞ்சம் காரமுங்க" என்றாரே தவிர, அதன் பிறகு விதிகளைப் பற்றிப் பேசவில்லை.

அக்காவின் போன் அடித்தது; மகன். அக்கா போனை எடுத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவின் குரலில் அதட்டல் இல்லாததை அன்றுதான் கேட்டேன். "ஆளு வந்துச்சான்னு கேக்கறான்."

கம்பி வழியாகக் கையை நீட்டிப் போனை வாங்கினேன். "வந்திருக்கேன் அண்ணா" என்றேன்.

இன்றைய நிலவரம்: பட்டியலில் ஏழு பெயர் அப்படியே இருக்கிறது. வருவது நாங்கள் இருவர். பன்னை இன்னும் ஏழாகத்தான் வெட்டுகிறார். மகனுடைய போனை இப்போதெல்லாம் நான்தான் எடுக்கிறேன். வருகிற ஞாயிறும் ஆள் உண்டு.