இடைவெளி சாரின் ஐஸ் பெட்டி

தேயிலைக் கொழுந்தைப் பார்த்தும் தேநீரை நினைக்காத மனிதர் பதுளை மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் இடைவெளி சார். எண்பதுகளின் தொடக்கத்தில், கண்டியிலிருந்து ஆராய்ச்சிக்காக நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். என் கணவர் தோட்டத்துக் கிளாக்கர். எங்கள் வீட்டில்தான் தங்கினார்.

"இலைக்குள்ள அப்படி என்னதான் தேடுறீங்க?" என்று கேட்டேன்.

"மரபணுவில ஒரே பகுதி நூத்துக்கணக்கில வரிசையா வருங்க. தொழிலாளர் குடியிருக்கிற லயம் மாதிரி, எல்லாம் ஒரே அச்சு. நான் பாக்குறது லயத்துக்கு லயம் நடுவுல உள்ள எடத்தை. மாத்தமெல்லாம் அங்கதான். ஒருத்தர் அங்க போஞ்சிக்கொடி போட்டா, கொஞ்ச நாள்ல வரிசை பூரா போஞ்சி. பக்கத்துத் தோட்டத்துல பாத்தா, பூரா கோவாப் பாத்தி."

அன்றே தோட்டத்தில் அவருக்கு ‘இடைவெளி சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவருக்கு விதையிலிருந்து வளர்ந்த பழைய செடிகள் வேண்டும். கிளையை வெட்டி நட்ட வெட்டுக்கன்று மலையில் எல்லாமே ஒரு தாய்ச் செடியின் நகல், ஒப்பிட ஒன்றுமில்லை. எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே பழைய மலையின் செடிகளையும் அந்த வாரம் பிடுங்குவதாக இருந்தது.

வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் நின்று, செடிக்கு ஓர் இலை, தனித்தனிப் பையில் என்று கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கெஞ்சினார். பிறந்ததிலிருந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கைகள். மத்தியானம் கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

"எந்த இலை எந்தச் செடியோடதும்மா?"

"எல்லாம் நம்ம மலைதாங்க. நிறுக்கலீங்களா சார்?"

மறுநாள் அவரே பறித்தார். பதுளைக் கடையொன்றில் வாங்கி, மரத்தூளில் பொதிந்து வந்த ஐஸை ஒரு பெட்டியில் போட்டு, அதில் பைகளை அடுக்கினார். இலை வாடினால் உள்ளிருப்பது சிதைந்துவிடுமாம். விடிந்தால் மலையில் செடிகளைப் பிடுங்கிவிடுவார்கள்.

அன்று மாலைதான் என் இரண்டு வயது மகள் வாசற்படியில் விழுந்தாள். நெற்றி எலுமிச்சம்பழம்போல் வீங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா, தூங்க விடலாமா, எண்ணெய் வைக்கலாமா என்று நான் அங்குமிங்கும் அலைந்தேன்.

இடைவெளி சார் பெட்டியைத் திறந்து, பைகளைத் தரையில் கொட்டிவிட்டு, ஐஸைத் துண்டில் சுற்றி அவள் நெற்றியில் வைத்தார்.

"சார், உங்க இலை?"

"இலை கெடக்குது. மடுல்சீமைப் பக்கம் ஏதாவது பழைய மலை இருக்கும். பாப்பா, மாமாவைப் பாரு. இது எத்தனை விரல்?"

ஐஸ் கரையும்வரை அவர் அவள் பக்கத்தைவிட்டு அசையவில்லை. இடையிடையே அடிமட்டத்தை எடுத்து வீக்கத்தை அளந்தார். வாந்தி எடுத்தாளா, கண் சொருகுதா என்று என்னையே விரட்டினார்.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. அன்று முழுவதுமாக அவரிடம் விட்டுவிட்டு, சோறு வடிக்கப் போனேன்.