ஏஞ்சலாவும் என் மாமியாரின் வெள்ளிக்கிழமையும்

கணக்கு டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஏமாறலாம், தாங்கள் மட்டும் ஏமாற முடியாது என்று மனதார நம்புவார்கள். மயிலாப்பூரில் வருடக்கணக்காகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. அதனால்தான் மூன்று வருடத்துக்கு முன்னால், ஊர் பேர் தெரியாத ஓர் ஆன்லைன் சூதாட்டத் தளத்தில் கிரிப்டோ காசைக் கட்டிச் சக்கரம் சுற்றினேன். (தளத்தின் பேரைக் கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் ஒருவராவது "சும்மா பார்க்கலாமே" என்று தேடிப் போவீர்கள். நானும் சும்மா பார்க்கத்தான் போனேன்.)

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர் சேகர். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்த கையோடு போனை என் முன்னால் நீட்டினார்.

"இன்னா மிஸ், இவ்ளோ கணக்குத் தெரிஞ்சி வெச்சிக்கினு டியூஷன் எடுத்துக்கினு கீறீங்க. எனக்கு ஏழாம் வாய்ப்பாடே தகராறு, நானே டபுள் பண்ணிட்டேன். நீங்க உள்ள பூந்தீங்கன்னா எங்கயோ போயிடுவீங்க!"

"லைசென்ஸ் எல்லாம் இருக்கா மாஸ்டர்?"

"கீழ பாருங்க மிஸ், முத்திரையே கீது."

இருந்தது. தங்க நிறத்தில், கழுகு படத்தோடு, கம்பீரமாக இருந்தது. அது வெறும் படம், தொட்டால் எங்கேயும் போகாது என்பது எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் தொட்டுப் பார்க்கவில்லை. பரீட்சைப் பேப்பரில் கால் மார்க்குக்குக் கூட மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறவள் நான்.

டியூஷனில் சேர்த்த இருபதாயிரத்தை யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். அவர் அதற்குக் கிரிப்டோ கொடுத்தார். கிரிப்டோ தளத்துக்குள் போனது. அடுப்பில் பருப்பு வேகும் நேரத்தில் நான் சக்கரம் சுற்றினேன். கையில் ஒரு நோட்டு வேறு. சிவப்பு எத்தனை, கறுப்பு எத்தனை என்று கோடு போட்டுக் கணக்கு எடுத்தேன். "ஆறு முறை சிவப்பு வந்ததால் அடுத்தது கறுப்பு" என்று எழுதிய பையனுக்குப் பூஜ்யம் போட்டு, "சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாதுடா" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி திட்டியவள் நான்தான். இப்போது அதே நான் ஆறு சிவப்பு வந்ததும் கறுப்பில் கட்டினேன். கறுப்பும் வந்து தொலைத்தது.

முதல் வாரம் இரண்டாயிரம் ரூபாய் வெளியே எடுத்துப் பார்த்தேன். சமர்த்தாக வந்தது. சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்களே, அதில் பெரிய மீன் நான் என்று அப்போது தோன்றவில்லை. மூன்றாவது வாரம் திரையில் ஒன்பது லட்சம் நின்றது. என் மனதில் ஒரு மாருதி காரே வாங்கி, மாட வீதியில் நிறுத்த இடமில்லாமல் கவலையும் பட ஆரம்பித்திருந்தேன்.

பணத்தை எடுக்கலாம் என்று பொத்தானை அழுத்தியதும் ஏஞ்சலா வந்தாள். வாடிக்கையாளர் சேவை. எழுத்தில்தான் பேசுவாள். எந்த இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததோ, தமிழ் அப்படி இருக்கும்.

"அன்பான வித்யா, உங்கள் வெற்றி உங்களுக்காக அழுகிறது. சரிபார்ப்புக் கட்டணம் எண்பதாயிரம் செலுத்தி விடுவியுங்கள்."

"ஒன்பது லட்சத்திலேயே கழித்துக்கொள்ளுங்களேன்" என்றேன்.

"அன்பான வித்யா, விதிமுறை அனுமதிக்காது. இன்று இரவுக்குள் புதிய பணம் வேண்டும். இல்லையேல் வெற்றி உறைந்துவிடும்."

மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட இந்த இடத்தில் உஷாராகியிருக்கும். நான் எண்பதாயிரத்துக்கு எங்கே போவது என்று யோசித்தேன்.

வீட்டில் சரியாக அந்தத் தொகை ஒரு கணக்கில் இருந்தது. என் மாமியாரின் கண்புரை ஆபரேஷனுக்காக என் கணவர் ரமேஷ் தன் அம்மாவின் கணக்கில் போட்டு வைத்தது. அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அந்தக் கணக்கை இணையத்தில் பார்த்துக்கொள்வது நான். ஓடிபி மட்டும் மாமியாரின் போனுக்குப் போகும். இப்போது எடுத்து, திங்கட்கிழமை ஒன்பது லட்சம் வந்ததும் திருப்பிப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? (இந்த வரியை எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.)

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாமியார் விளக்கேற்றிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் என் போனில் பணம் அனுப்பும் விவரமெல்லாம் தட்டி முடித்தேன். அவர் போன் 'டிங்' என்றது.

"அம்மா, ஆஸ்பத்திரிக்கு அட்வான்ஸ் கட்டறேன். அந்த நம்பரைக் கொஞ்சம் படிங்கோ."

போனைக் கையில் எடுத்தார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கேத்தினப்புறம் ஆத்துலேர்ந்து காசு வெளில போகப்படாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இது ஆஸ்பத்திரிக்கும்மா!"

"ஆஸ்பத்திரி நாளைக்கு ஓடியா போயிடப் போறது?"

"சரி, போனைக் குடுங்கோ, நானே பாத்துக்கறேன்."

"ஓடிபியை யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு பேங்க்லேர்ந்து தெனம் மெசேஜ் அனுப்பறானே, வெட்டியாவா அனுப்பறான்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் பூக்காரி வந்தாள். மாமியார் எழுந்து போய், சுருக்குப் பையை விரித்து, "நீயே எடுத்துக்கோம்மா" என்று நீட்டினார்.

"இதுக்கு மட்டும் காசு வெளில போலாமா?"

"பூ மங்களம்டி. அதெல்லாம் கணக்குல வராது."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏஞ்சலாவிடம் திரும்பினேன். இன்று வெள்ளிக்கிழமை, விளக்கேற்றியாகிவிட்டது, நாளைக் காலை கட்டினால் போதுமா என்று கெஞ்சினேன்.

"அன்பான வித்யா, விளக்கு எங்கள் விதிமுறைகளில் இல்லை."

உறைந்தாலும் பரவாயில்லை, விடிந்ததும் எப்படியாவது கட்டிக் கேட்டுப் பார்ப்பதென்று படுத்தேன். கையில் வந்த ஒன்பது லட்சத்தை ஒரு கிழவியின் பிடிவாதம் தின்றுவிட்டதாக மனதுக்குள் மாமியாரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சேகர் மாஸ்டர் போனில் கூப்பிட்டார்.

"மிஸ், கட்டிட்டீங்களா?"

"இல்ல மாஸ்டர், இதோ இப்ப..."

"கட்டாதீங்க மிஸ்! நான் வியாழக்கெழமயே கட்டிட்டேன். நேத்து இன்னொரு தபா கேட்டானுங்க, அதையும் கட்டினேன். இப்ப சைட்டே இல்ல மிஸ். பக்கமே தொறக்க மாட்டேங்குது."

என் போனில் திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரை. ஒன்பது லட்சமும் இல்லை, கழுகும் இல்லை, ஏஞ்சலாவும் இல்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போனது என் டியூஷன் காசு மட்டும்தான். அந்த எண்பதாயிரம் போயிருந்தால் அந்த மனுஷியின் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்? அப்பாடா என்று மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அழுத சத்தத்துக்கு ரமேஷும் மாமியாரும் வந்தார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரமேஷ் என்னையும் சேகர் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வைத்தார். அந்தத் தளத்துக்கு முகவரியும் இல்லை, பொறுப்பான ஆளும் இல்லை, யாரைப் பிடித்துக் கேட்பது என்றார்கள். மாமியார் திட்டவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஏஞ்சலா, அவளுக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?"

வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்கட்டைப் பிரித்த மறுநாள், மாமியார் போனை எடுத்துப் பழைய மெசேஜ்களையெல்லாம் எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னேனே, அது பொய்டி. நம்பரே தெரியலை. எல்லாம் ஒரே புகையா இருந்தது. சொன்னா கோவிலுக்குத் தனியா விடமாட்டேள்னு பயந்துண்டு சொல்லலை."

பூக்காரியிடம் நீட்டிய சுருக்குப் பை அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆபரேஷன் பணத்தைக் காப்பாற்றியது சாஸ்திரமும் இல்லை, என் படிப்பும் இல்லை. அந்தக் கண்புரைதான்.

இப்போது அவருக்குக் கண் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகும் ஓடிபி தாராளமாகக் கிடைக்கும். கரண்ட் பில்லோ காஸ் சிலிண்டரோ, நான் கேட்டதும் போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் முதலில் இதைக் கேட்பார்:

"ஏஞ்சலாவுக்கு இல்லையே?"