ஷீட்டுக்குப் புகை, மண்டோருக்குச் சுருட்டு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரைப் போலச் சுருட்டுப் பிடித்தவர் மலாயாவின் பகாவ் வட்டாரத்திலேயே கிடையாது. பல் விளக்கும் நேரம் தவிர, வாயில் சுருட்டு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. சொந்தப் பெயர் எஸ்டேட் பதிவில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் சுருட்டு மண்டோர்.

வெள்ளைக்கார சர்க்கார் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. கேட்டில் நான் காவல். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைச் சோதித்து, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ சோறோ போகாமல் தடுப்பது என் உத்தியோகம். மண்டோர் வருவதை மட்டும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவருடைய இருமல் வந்து சேர்ந்துவிடும்.

எஸ்டேட் மருந்தகத்து டிரஸ்ஸர் ஒருநாள் அவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். மூச்சுக்குழாயெல்லாம் புகை பட்டு வீங்கிச் சளி அடைத்துக் கிடக்கிறது, சுருட்டை விடாவிட்டால் மேட்டு ரப்பர்க் காட்டு வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். மண்டோர் மசியவில்லை. மண்டோராவதற்கு முன் பல வருடம் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தில் இருந்தவர் அவர்.

"புகை போடாத ஷீட்டு பூஞ்சை பூத்துடும். நெஞ்சும் அப்படித்தான்லா. உள்ள ஈரம். புகை போட்டாத்தான் கெடாது."

"ஷீட்டு மூச்சு விட வேண்டியதில்ல மண்டோரே. நீங்க விடணும்," என்றார் டிரஸ்ஸர்.

அந்தக் கோபத்திலேயே மண்டோர் அன்று இரண்டு சுருட்டு கூடுதலாகப் பிடித்தார்.

பிறகு ஒரு காலையில் மேட்டு ரப்பர் மர நிரையில் ரோந்து வந்த சிப்பாய்கள், மரத்துக்குப் பின்னால் இருமல் கேட்டுத் துப்பாக்கியை நீட்டினார்கள். யார் என்று மூன்று தடவை கேட்டார்கள். மண்டோருக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. கையைத் தூக்கச் சொன்னதற்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பால் வெட்டும் பெண்கள் ஓடிவந்து எங்கள் மண்டோர் என்று கத்தியிராவிட்டால் சுட்டிருப்பார்கள்.

மறுநாள் மண்டோர் கேட்டில் நின்று, மடியிலிருந்த சுருட்டுக் கட்டை என் கையில் திணித்தார்.

"பேரச் சொல்ல மூச்சு வரலடா தம்பி. இத நீயே வெச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

அன்று மத்தியானமே கேட்டார். கொடுக்கவில்லை. திட்டினார். தினமும் கேட்பதும் திட்டுவதுமாகப் போயிற்று. முதலில் இரண்டு வார்த்தைக்கு ஓர் இருமல். போகப் போக நாலு வார்த்தைக்கு ஒன்று. ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள், என் அப்பாவில் தொடங்கி ஏழு தலைமுறையையும் ஒரே மூச்சில், இடையில் ஓர் இருமல்கூட இல்லாமல் திட்டி முடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனுஷன் அப்படித் திட்டுவதை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இப்போதும் இருக்கிறது.