இளம் வில்வேட்டைக்காரர்களுக்குத் தனிப் பருவம் கூடாது: மேல்கோட்டைப் பறிகொடுத்த தகப்பனின் வேண்டுகோள்

அனுப்புநர்:
வெர்லின் டோர்ஷ்னர்,
பயிர், வீடு, வாகனக் காப்பீடு,
தீவனக் கடைக்கு எதிர்ப்புறம், ஆல்டர் ஃபோர்க்.

பெறுநர்:
திருமதி லோரெய்ன் பிட்ஸ்னர் அவர்கள்,
ஆசிரியர், 'ஆல்டர் ஃபோர்க் வார முரசு'.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மையார் அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவி மார்லீஸும் மகள் ஹாட்டியும், ஒரு மேல்கோட்டு நீங்கலாக, எல்லோரும் சௌக்கியம். தங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? சர்ச் படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறவும். தங்கள் வண்டியில் மான் வந்து மோதிய இரண்டு தடவையும் முதலில் ஓடி வந்து பார்த்தவன் என்கிற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

தங்கள் பத்திரிகையில் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். பெரியவர்களின் வில்வேட்டை தொடங்குவதற்கு முன்பாகவே, சிறுவர் சிறுமியருக்கு மட்டும் தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் வைக்கலாமா, இந்த ஆண்டு சோதனையாக ஒரு வாரம் இடைவிட்டு இரண்டு வார இறுதிகள் வைத்திருக்கிறார்களே, அதை நிரந்தரமாக்கலாமா என்று. என் பதில்: கூடாது. கூடவே கூடாது. உடனே நிறுத்த வேண்டும், முடிந்தால் வருகிற சனிக்கிழமைக்கு முன்பாக. பொதுநலம் கருதியே இதை எழுதுகிறேன். சென்ற வாரம் தாங்கள் முதல் பக்கத்தில் போட்ட படத்துக்கும் இந்தக் கடிதத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இளையோர் பருவம் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, இதில் அவதிப்படுவது இளையோர் அல்ல. சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளையோடு ஒரு பெரியவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் வில்லைத் தொடக்கூடாது. அதாவது சும்மா உட்கார வேண்டும். அம்மையாரே, நான் காப்பீட்டுக்காரன். எதைப் பார்த்தாலும் இது எப்படி உடையும், எப்போது எரியும், யார் தலையில் விழும் என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனை ஒரு ஓக் மரத்தில் சாய்த்துக் கட்டிய ஏணியின் உச்சியில், பெஞ்சு மாதிரி ஒரு இருக்கையில், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில், சவரக்கத்தி போலத் தீட்டிய அம்புகளுக்கு அருகில் உட்கார வைத்துவிட்டு, சும்மா இரு என்றால் எப்படி இருப்பது? மார்லீஸ்தான் போயிருக்க வேண்டும். அவள் வேட்டைக் குடும்பத்தில் பிறந்தவள். ஆனால் சனிக்கிழமைகளில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. "ஏங்க, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், செய்யாம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் என்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

செய்யாமல் இருக்க முடியாமல்தான் முந்தின நாள் ஒரு காரியம் செய்தேன். ஹாட்டி எங்கள் இருவருடைய வேட்டைத் துணிகளையும் வாசனையே இல்லாத சோப்பில் துவைத்து, வெளியே காற்றில் உலர்த்தி, காய்ந்த ஓக் இலைகளைப் போட்டு ஒரு டப்பாவில் மூடி வைத்திருந்தாள். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே சருகு. ஐயோ பாவம், குழந்தைக்குத் துவைக்கத் தெரியவில்லை என்று நினைத்து, எல்லாவற்றையும் வாஷிங் மெஷினில் போட்டு, மூடி நிறைய லாவெண்டர் திரவம் ஊற்றி, மொறுமொறுவென்று காயவைத்து, மடித்து, அவள் கட்டில் மேல் வைத்தேன். பள்ளியிலிருந்து வந்தவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, இது என்ன வாசனை?"

"லாவெண்டர் கண்ணு. பூ மாதிரி இருக்கில்ல?"

"பூ மாதிரியா? நாளைக்கு நாம வேட்டைக்குப் போறோமா, கல்யாணத்துக்குப் போறோமா? மான் பக்கத்து மாவட்டத்திலேர்ந்தே மோந்துட்டு ஓடிடும்பா!"

அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. அலமாரியிலிருந்து தன் அம்மாவின் பழைய வேட்டைச் சட்டையை எடுத்துக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நீ எதையாச்சும் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேராக எதிர்க்கடைக்கு ஓடினேன். தீவனக் கடை எல்ட்ரெட் ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார். பெட்டை மானின் மூத்திர வாசனை, நம் மூக்குக்கு நாற்றம், கிடா மானுக்குச் சந்தனம். "ஒரு துணியில ரெண்டு சொட்டு விட்டு, உங்ககிட்டேர்ந்து தள்ளி ஒரு கிளையில தொங்க விடுங்க. அதுவும் இப்ப இல்ல, நவம்பர்ல. செப்டம்பர்ல போட்டா மான் குழம்பிப் போகும்" என்றார். இவ்வளவு பெரிய லாவெண்டருக்கு இரண்டு சொட்டு எந்த மூலைக்கு என்று நானாகக் கணக்குப் போட்டு, மறுநாள் விடிகாலையில் என் அலுவலக மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, குப்பி முழுவதையும் அதன் மேல் ஊற்றிக்கொண்டேன். முதுகில் பெரிய எழுத்தில் 'டோர்ஷ்னர் காப்பீடு: எது நேர்ந்தாலும் உங்களோடு' என்று தைத்திருக்குமே, அதே மேல்கோட்டு.

அது என்ன நாற்றம் என்று குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது. காட்டு ஓரம் என் மச்சினன் டுவைட்டின் நிலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் ஹாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அதைக் கழட்டு. கழட்டி அந்தப் புதர்ல தொங்க விடு. தள்ளி, இன்னும் தள்ளி" என்றாள். தொங்கவிட்டேன். வண்டிச் சாவியும் போனும் அதன் பையில் இருந்தன என்பதை ஏணி ஏறின பிறகுதான் நினைத்தேன். இறங்கட்டுமா என்று கேட்டேன். அவள் என் இடுப்புப் பட்டையை மரத்தோடு சேர்த்து மாட்டிவிட்டு, "அப்பா, இனிமே நீ பேசக்கூடாது, அசையக்கூடாது, கவலைப்படுறது மூஞ்சில தெரியக்கூடாது" என்றாள். முதல் இரண்டும்கூடப் பரவாயில்லை.

அப்புறம் உட்கார்ந்திருந்தோம் அம்மையாரே, வெறும் சட்டையோடு நான் நடுங்கிக்கொண்டு. சருகில் கரடி நடந்து வருகிற சத்தம் கேட்டது, பார்த்தால் அணில். ஏணியின் கம்பி கீச்சிட்டது, இது எந்த வருஷம் வாங்கியது, யார் பொருத்தினது என்று யோசித்தேன். அம்பு நழுவினால்? அவள் நழுவினால்? எல்லாம் சரியாக நடந்து மான் விழுந்துவிட்டால், அதை அறுத்துக் குடலை எடுப்பது யார்? நானா? எனக்குக் கோழி வெட்டினாலே தலை சுற்றும். அப்போது ஹாட்டி என் முழங்காலை லேசாகத் தட்டினாள். வந்துவிட்டது. ஒரு இளம் கிடா, கொம்பு இரண்டே கிளை. எல்ட்ரெட் சொன்னது போல் குழம்பித்தான் வந்திருந்தது. நேராக என் மேல்கோட்டிடம் போய், மோந்து, யோசித்து, மறுபடி மோந்து, தலையை அதற்குள்ளேயே விட்டுக்கொண்டது.

ஹாட்டி எழுந்தாள். எழுந்ததே எனக்குக் கேட்கவில்லை. வில்லை இழுத்தாள். அம்மாவின் அவ்வளவு பெரிய சட்டைக்குள் சின்னதாக இருக்கிற பெண், அந்த நேரத்தில் எனக்கு முன்பின் தெரியாத யாரோ போல நின்றாள். மூச்சை விடாமல் காத்திருந்தேன். மான் எங்கள் பக்கம் நெஞ்சைக் காட்டி நிற்கிறது, பக்கவாட்டில் திரும்பவே மாட்டேன் என்கிறது. அவள் இழுத்த வில்லைப் பிடித்தபடியே நின்றாள். விடும்மா, விட்டுடும்மா என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் விடவில்லை. மெதுவாக, இழுத்ததைவிடக் கஷ்டப்பட்டு, அம்பை விடாமலே வில்லை இறக்கினாள். என் காதுக்குள் சொன்னாள்: "கோணம் சரியில்லப்பா. எங்கேயாவது பட்டு, காயத்தோட ஓடிடும். பாவம்."

நானே அவள் இடத்தில் இருந்தால் பதற்றத்தில் விட்டிருப்பேன். வளர்ந்த ஆண்கள் எத்தனை பேர் விட்டுவிட்டு அப்புறம் புதரெல்லாம் தேடுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். என் நெஞ்சு அப்படியே பொங்கிவிட்டது. பொங்கினால் பேசாமல் பொங்க வேண்டியதுதானே? "நல்ல பொண்ணுடி என் செல்லம்!" என்று கத்திவிட்டேன். காடே அதிர்ந்தது. மான் துள்ளிற்று. துள்ளுவதற்கு ஒரு கணம் முன்னால்தான் அழகாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது என்று ஹாட்டி பிறகு சொன்னாள். மேல்கோட்டின் கை கொம்பில் மாட்டிக்கொள்ள, என் சாவி, என் போன், 'எது நேர்ந்தாலும் உங்களோடு' எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அது டுவைட்டின் சோளக்காட்டைத் தாண்டி ஓடியே போய்விட்டது.

நடந்து ரோட்டுக்கு வந்தோம். பால் லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார், ஆனால் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார். அன்றைக்கே மூன்று பேர் வீட்டுக்குப் போன் செய்து, "வெர்லின், உங்க ஏஜெண்டு எங்க தோட்டத்துல முட்டைக்கோசு தின்னுட்டிருக்கார்" என்றார்கள். புதன்கிழமை தங்கள் பத்திரிகை வந்தது. படம் தெளிவாக இருந்தது, முதுகில் எழுத்துகூடப் படிக்க முடிந்தது. தங்கள் புகைப்படக்காரரின் திறமையைப் பாராட்டுகிறேன். வேலியில் சிக்கியிருந்த மேல்கோட்டை வியாழனன்று யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். சாவி இருந்தது. கை ஒன்று இல்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொள்வேன் அம்மையாரே. ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் நடந்ததுதான் பொறுக்கவில்லை. தட்டு நிறையப் பொரித்த மீனோடு டுவைட் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தான்.

"என்ன மச்சான், மானுக்குச் சட்டை போட்டு அனுப்பினீங்களாமே! அடுத்தது காலுக்குப் பூட்ஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் ஹாட்டியிடம் திரும்பினான். "ஏம்மா, கல்லெறிஞ்சாப் படுற தூரத்துல நின்னுச்சாமே. விட்டுட்டு வந்திருக்கே! நானா இருந்தா நீ வில்லை இறக்க விட்டிருக்கவே மாட்டேன். அடுத்த சனிக்கிழமை மாமா கூட வா. உங்கப்பா வீட்டுல துணி துவைக்கட்டும்."

ஹாட்டி முள்கரண்டியால் முட்டைக்கோசு கோல்ஸ்லாவைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டுவைட் நல்ல வேட்டைக்காரன், மறுக்கவில்லை. அவன் கூடப் போனால் அவள் நிச்சயம் மான் அடிப்பாள். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பருவமே வேண்டாம். யாருக்கும் வேண்டாம், யாரும் யாரையும் கூட்டிப்போக வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் பெரியவர்களோடு பெரியவர்களாக, அக்டோபரில், பொதுவாகப் போகட்டும். பொதுநலம் கருதியே எழுதுகிறேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அவள் போன வருஷம்வரை என் கையைப் பிடித்துத்தான் ரோட்டைக் கடப்பாள். வீட்டில் இரண்டு நாளாக எதுவும் ருசிக்கவில்லை. தயவுசெய்து இதைப் பெரிய எழுத்தில் வெளியிட்டு, ஒரு பிரதியை மாநில வனவிலங்கு இலாகாவுக்கும் அனுப்பி வைக்கவும்.

தங்களுக்கும் தங்கள் அச்சகத்தாருக்கும் தங்கள் வண்டியின் முன்கண்ணாடிக்கும் யாதொரு சேதமும் வராமல் ஆண்டவர் காப்பாராக. தங்கள் முழங்காலுக்கு என் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
கவலையுடன்,
வெர்லின் டோர்ஷ்னர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஹாட்டி வந்தாள். அந்த ஒற்றைக் கை மேல்கோட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை இதைப் போட்டுக்கிட்டு வராதே" என்றாள். "மாமா கூடல்ல போற?" என்று கேட்டேன், குரல் நடுங்காமல்தான் கேட்டேன். "போகலன்னு சொல்லிட்டேன்பா. மாமா கூடப் போனா மான் கிடைக்கும். ஆனா கோணம் சரியில்லன்னாலும் விடு, விடுன்னுவாரு. விடலேன்னா அதையே ஊரெல்லாம் சொல்லிக் காட்டுவாரு. நீ மட்டும்தான் நான் விடாததுக்குச் சந்தோஷத்துல கத்தினே." கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "அடுத்த தடவை மனசுக்குள்ள கத்து" என்றாள்.

ஆகவே அம்மையாரே, மேலே எழுதியதில் 'கூடாது' என்று வரும் இடங்களில் எல்லாம் 'வேண்டும்' என்று மாற்றிப் படிக்கவும். இரண்டு வார இறுதிகள் போதவே போதாது, இலையுதிர் காலம் முழுவதும் வைத்தால் நல்லது. நான் வாசனையில்லாத சோப்பு வாங்கிவிட்டேன், நாயைக்கூட அதிலேயே குளிப்பாட்டிவிட்டேன். இலாகாவுக்கு எழுதும்போது ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்: 'கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும்' என்கிற இடத்தில், 'பெரியவர்' என்பதை அடித்துவிட்டு 'அப்பா' என்று போட முடியுமா?