ஆயிரம் வருடக் களிம்பும் ஓர் உருண்டைப் புளியும்

லாசால்,
வியாழன் இரவு.

பெருமதிப்புக்குரிய அன்டன் மாமா அறிவது,

மூன்றாம் மாடியில் நாங்கள் எல்லோரும் நலம். இதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் நீங்களும் மாமியும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுவது தம்பி வாசிக்காமல் இருப்பதற்காக.

முதலில் நன்றி. நீங்கள் காவல் பார்க்கும் அருங்காட்சியகத்தில் உங்கள் கையெழுத்தை வைத்து, நாளை நான் வகுப்பில் பேசுவதற்காக உடுப்பில் குத்தும் அந்தப் புரூச்சை இரவலாக வாங்கித் தந்தீர்கள். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன் அயர்லாந்தில் கொள்ளையருக்குப் பயந்து யாரோ வயலில் புதைத்த நகைகளில் ஒன்றின் அச்சொட்டான நகல், அதிலுள்ள பச்சைக் களிம்பைக்கூட ஒருவர் இரண்டு மாதம் இருந்து தூரிகையால் பூசினார் என்று சொல்லி, "பிள்ளை, கவனம்" என்று இரண்டு தரம் சொன்னீர்கள், நானும் கவனமாகத்தான் இருந்தேன், இன்று நீச்சல் வகுப்பு என்பதால் மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்தால் அம்மா குசினியில் புளியும் பல்லுத் தீட்டும் பழைய பிறஸ்ஸுமாக நிற்கிறார், புரூச் கோயில் மெழுகுதிரித் தாங்கி மாதிரிப் பளபளக்கிறது.

"ஐயோ அம்மா, அது ஆயிரம் வருசத்துக் களிம்பெல்லே!"

"அதுதான் பாத்தன். ஆயிரம் வருசமா ஒருத்தியும் இதைக் கழுவேல்லை. என்ன சீத்துவக்கேடு! இந்த ஊத்தையோடை கொண்டுபோனா அன்டன்ரை மானமெல்லே போகும்."

மாமா, போகப்போவது உங்கள் வேலை. அது நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. ஆகவே நாளை நானே அருங்காட்சியகத்துக்குப் போய், சேற்றில் விழுத்திவிட்டுப் பயத்தில் நான்தான் தேய்த்தேன் என்று சொல்லப்போகிறேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்வேன். அம்மாவை ஏசவேண்டாம். விரல் தோல் உரியும்வரை தேய்த்திருக்கிறார். வாயால் நன்றி சொல்லிப் பழகாதவர், உங்களுக்கு அப்படித் தேய்த்துத்தான் நன்றி சொல்லியிருக்கிறார்.

மாதா உங்களையும் உங்கள் சீருடையையும் காப்பாராக.

கீழ்ப்படிய முயலும் மருமகள்,
றொசானா

பி.கு.: மேலே உள்ளதெல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். அம்மா கதவைத் தட்டினார். புரூச் வந்த பெட்டியின் மூடியிலிருந்த அருங்காட்சியக மின்னஞ்சலுக்கு மத்தியானமே, கழுவ முதல் ஒன்று, கழுவிய பிறகு ஒன்று என இரண்டு படங்கள் அனுப்பி, தந்தது என் தம்பி அன்டன், மிச்ச நகைகளையும் கழுவ அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். பதில் வந்திருக்கிறதாம், வாசித்துச் சொல்லட்டாம். வாசித்தேன். புதைத்தவள் கடைசியாகப் பார்த்தபோது இப்படித்தான் மின்னியிருக்கும், இதையே வகுப்பில் காட்டுங்கள், அன்டனுக்கு எங்கள் நன்றி என்று அங்கே நகைகளுக்குப் பொறுப்பான அம்மையார் எழுதியிருக்கிறார். புளி எந்தக் கடையில் வாங்கலாம் என்றும் கேட்கிறார்.